கோடு போடாத நோட்டு

வரி எங்கே முடிகிறது என்பதில்கூட மனிதர்களால் ஒத்துப்போக முடியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நாற்றம் எனக்குப் புதிதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், இறால் தலை குவிந்து அழுகிக் கிடக்கும் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். பொன்னேரிக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அருவருப்பு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏரிக்கரை அல்ல. எண்பதுகளின் நடுவில், சென்னையில், ஏ.சி. போட்ட, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைய வேண்டிய, மிகவும் சுத்தமான ஒரு அறை.

அங்கே கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வேலை. தற்காலிக வேலைதான். பல ஊர்களிலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்களை வாங்கி, தரம் பிரித்து, அச்சடித்துக் கொடுக்கும் சின்ன நிலையம் அது. பட்டியல்கள் மூன்று வகை மெஷின்களில் அடிக்கப்பட்டு எங்களிடம் வந்து சேரும். பெயர்கள் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கும். பெயருக்குப் பின்னால் இருப்பதுதான் சனியன்.

ஒரு வரி முடிந்துவிட்டது என்பதைக் காட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை மெஷின் எழுதி வைக்கும். டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் இரண்டு காரியம் செய்கிறோம். உருளையைப் பிடித்து வரியின் முதலுக்குத் தள்ளுகிறோம், தாளை ஒரு வரி மேலே ஏற்றுகிறோம். முதல் மெஷின்காரன் இந்த இரண்டு காரியத்துக்கும் இரண்டு குறி வைத்தான். அடுத்தவன், தாளை ஏற்றுகிற குறி மட்டும் போதும் என்றான். மூன்றாமவன், இல்லை, தள்ளுகிற குறி மட்டும் போதும் என்றான். உருளையும் கிடையாது, தாளும் கிடையாது, ஆனாலும் இந்தச் சண்டை. படித்தவர்கள் போட்ட சண்டை.

அதை வாரி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மெஷினின் பட்டியலை இன்னொன்றில் படித்தால், ஒவ்வொரு ஆளுக்கும் நடுவே ஒரு வெற்று ஆள் முளைப்பான். ஊரில் இருக்கிற குடும்பம் இரட்டிப்பாகிவிடும். வேறொன்றில் படித்தால் முழு ஊரும் ஒரே வரியாக, ஒரே நீளப் பெயராக வந்து நிற்கும். எல்லாவற்றையும்விட மோசம், பெயரின் வாலில் ஒரு குறி மட்டும் ஒட்டிக்கொண்டு வருவது. திரையில் பார்த்தால் இரண்டு பெயரும் ஒன்றுதான். ஒன்றா என்று மெஷினைக் கேட்டால் இல்லை என்னும். மீனின் செவுளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பேன் மாதிரி அந்தக் குறி உள்ளே உட்கார்ந்திருக்கும். வாரக்கணக்கில் அந்தப் பேனைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் சோறு இறங்காது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டியலைப் படிக்கும் வேலைக்கென்று தனியாக ஒரு நிரல் எழுதினேன். எங்கள் நிலையத்தில் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல்களின் தொகுப்பு ஒன்று உண்டு, லைப்ரரி என்போம். அதில் அதைச் சேர்த்தேன். அதன் விதி ரொம்ப எளிது. எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒற்றைக் குறியோ இரட்டைக் குறியோ, முடிவுக் குறி என்று எது வந்தாலும், அதுவரை சேர்த்ததை ஒரு வரியாக எடுத்து வெளியே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று மெஷினின் பட்டியலும் அதற்குள் போய் ஒரே மாதிரி வெளியே வந்தன. மேலதிகாரி எல்லாரையும் கூப்பிட்டு, இனி பட்டியல் படிக்க இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, வலை உலர்த்தும் இடத்தில் நாலு பேர் கேட்க நான் அடித்த பெருமையை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மனுஷன்தான் வேண்டியவன், வேண்டாதவன் பார்ப்பான், மெஷின் யாரையும் விடாது, தப்பே பண்ணாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் அண்ணியும் ஒருத்தி.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் ஊர் நோட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

ஏரியில் நல்ல ஆழமான இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் முறை வைத்துப் போவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். யார் யாருக்குப் பாடு உண்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். என் சிறுவயதிலிருந்து, எழுபதுகள் முழுக்க, அந்த நோட்டை எழுதியவர் என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய நோட்டு ஈரத்தில் ஊறிப்போகும் ஒவ்வொரு முறையும் புது நோட்டில் நகல் எடுப்பது என் வேலை.

அந்த நோட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசிப் பெயருக்குக் கீழே கோடு போடக் கூடாது. சுழிக்கக் கூடாது, புள்ளிகூட வைக்கக் கூடாது. பட்டியலை மூடினால் ஏரி மூடிக்கொள்ளும், முகத்துவாரம் மண்ணடித்துப் போகும், இறால் உள்ளே வராது. ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஸ்கேல் வைத்து அழகாக ஒரு கோடு இழுத்துவிட்டேன். நைனா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, முழுப் பட்டியலையும் மறுபடி எழுத வைத்தார்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு வீட்டில் ஆண்பிள்ளை செத்துப்போனால், அந்த வீட்டின் பெயரை எடுக்க மாட்டார்கள், ஆனால் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் முறை வரும்போது வேறு யாராவது வலை போட்டு, பங்கு மீனைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கு நியாயம் மட்டும்தான் தெரிந்தது.

என் அண்ணன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தான். இடையில் இருந்த அவன் பெயரை நைனா தன் கையாலேயே அடித்துவிட்டு, கடைசியில் அண்ணி பெயரை எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அண்ணி எங்கள் வீட்டில் இருக்கவில்லை. பழவேற்காட்டில் ஒரு பாய் வீட்டு இறால் கொட்டகையில் தலை கிள்ளும் வேலைக்குப் போகிறேன் என்றாள். என் மகன் பொண்டாட்டி இன்னொருத்தன் வாசலில் குந்தி இறால் கிள்ள வேண்டாம் என்றார் நைனா. வார்த்தை தடித்தது. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய், குப்பத்தின் கோடியில் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். நைனா அந்தப் பக்கமே போக மாட்டார். ஆனால் பங்கு மீன் மட்டும் தவறாமல் போகும்.

பிறகு ஒரு புயல் வந்தது. குப்பத்தில் பாதிக் குடிசைகள் போயின. அண்ணியின் குடிசை இருந்த இடத்தில் ஒரு கழிகூட மிஞ்சவில்லை. எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார் நைனா. தான் நேரில் போய்க் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. கொட்டகைக்காரர் வீட்டம்மா, ஐஸ் பெட்டி வைத்திருந்த மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். இறால் தண்ணி ஓடும் வாய்க்காலுக்கு ஒரு முழம் தள்ளி, சாக்கு விரித்து அண்ணியும் பிள்ளைகளும் படுத்தார்கள். அந்தச் சின்னவனுக்குக் காலெல்லாம் சேற்றுப்புண். குப்பத்தில் வீடு இழந்தவர்களுக்கெல்லாம் சர்க்கார் செலவில் ஓடு போட்ட வீடு கட்டித் தரப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பெயர் இருக்குமா என்று. இருக்கும் என்றேன்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், வீட்டுக்கான பட்டியலே நைனாவின் நோட்டுதான். குடும்ப விவரம் கேட்டு வந்த அதிகாரிகளிடம், எங்கள் ஊரில் இதுதான் இருக்கிறது என்று அதில் வீடு போனவர்களைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் சுற்றிச் சுற்றி எங்கள் நிலையத்துக்கே வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்த நைனாவின் கையெழுத்து டைப் அடிக்கும் பெண்களுக்குப் புரியவில்லை. உங்க ஊர்தானே, நீங்களே அடிச்சிடுங்க என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். உட்கார்ந்து அடித்தேன். கடைசியில் அண்ணி பெயர். அடித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொன்னேரி தாலுகா அலுவலகத்து வாசலில் அச்சடித்த பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் குப்பத்துப் பெயர்கள் எல்லாம் இருந்தன. அண்ணி பெயர் மட்டும் இல்லை.

குப்பம் முழுக்க ஒரே பேச்சு. நோட்டு எழுதுகிறவர் மருமகள் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டார், சொன்ன பேச்சைக் கேட்காததற்குப் பழி வாங்கிவிட்டார் என்றார்கள். நைனா தன் நோட்டை விரித்துக் காட்டினார். நோட்டில் இருக்கு, எழுதிக் குடுத்த தாள்ல இருந்துச்சா என்று கேட்டார்கள். நான் ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். நைனா எழுதியிருந்தார், நானே என் கையால் அடித்தேன், மேலே யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்றேன். அண்ணி இறால் கிள்ளுவதை நிறுத்தாமலேயே பேசினாள்.

"மிஷினு யாரையும் உடாது, தப்பே பண்ணாதுன்னு நீதானே சொன்ன? அப்ப தப்பு பண்ணது யாரு? உங்க நைனாவுக்குப் பரிஞ்சிகினு வராத."

என் வாயால் சொன்னதையே எடுத்து என் வாயில் திணித்தாள். அன்றிலிருந்து நைனா எதிரே வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பங்கு மீன் கொண்டுபோனால் கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

வேலைக்குத் திரும்பியதும் யார் வெட்டினார்கள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தேடினேன். ஆத்திரத்தோடு தேடினேன். நான் அடித்த கோப்பைத் திறந்தேன். அண்ணி பெயர் அங்கேயே, கடைசியில், இருந்தது. அச்சடித்த தாளில் இல்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருந்தது என் நிரல் மட்டும்தான்.

கோப்பில் இருப்பதைக் குறிகளோடு சேர்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இரண்டு குறிகள். அண்ணி பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கடைசிப் பெயரை அடித்துவிட்டு கீபோர்டில் வரியை முடிக்கிற கட்டையை நான் அமுக்கவில்லை. டைப் அடிக்கும் பெண்கள் பெயருக்கு ஒரு தட்டு என்று கை பழகியவர்கள், கடைசிப் பெயருக்கும் தட்டிவிடுவார்கள். அதனால்தான் நான் சோதித்துப் பார்த்த எந்தப் பட்டியலிலும் இது அகப்படவில்லை. கடைசிப் பெயருக்குக் கீழே கை போகாது என்று அடி வாங்கிக் கற்றுக்கொண்டவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். என் நிரலோ, முடிவுக் குறி வந்தால்தான் சேர்த்ததை வெளியே கொடுக்கும். அண்ணி பெயரை எழுத்து எழுத்தாகச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு, குறி வரும் என்று காத்திருந்து, கோப்பு முடிந்ததும் கையிலிருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

எழுந்துபோய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் பொய் சொன்னேன்.

சரிசெய்ய இரண்டு வரி போதும். கோப்பு முடிந்துவிட்டது, ஆனால் கையில் இன்னும் எழுத்து மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதையும் ஒரு வரியாகக் கொடு. அவ்வளவுதான். அன்றைக்கே எழுதிச் சேர்த்தேன். பிறகு மேலதிகாரியிடம் போனேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அண்ணி என்பதைச் சொல்லவில்லை. அவர் ஊறுகாயை நக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு வரிதானேம்மா? கையெழுத்தாகிப் போன லிஸ்ட். இப்ப போய் மெஷின்ல தப்புன்னு சொன்னா மத்த ஊர் லிஸ்டையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த கட்டத்துல பேரைச் சேத்துடலாம். நீ இன்னும் பர்மனென்ட் ஆகலை, ஞாபகம் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தட்டை வழித்தார். அந்த வழிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வரி என்றால் அவருக்கு ஒரு வரிதான். சாக்கில் படுத்திருக்கும் மூன்று பேர் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான் என்ன செய்தேன்? சரி சார் என்றேன். அவர்மேல் வந்த அருவருப்பு பாதி வழியிலேயே திரும்பி என்மேல் விழுந்தது.

ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கட்டப் பட்டியலில் அண்ணி பெயர் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், நடுவில் வைத்து, முன்னும் பின்னும் குறி சரியாக விழுந்திருக்கிறதா என்று பத்துத் தடவை சோதித்தேன். அதனால் என்னை நானே நல்லவள் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போவேன். நைனா இளைத்துக்கொண்டே போனார். நோட்டை வேறு யாராவது எழுதட்டும் என்று ஊரில் பேச்சு எழுந்தது. அந்தத் தாளை எழுதிய நாளைப் பற்றி, எனக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். தானே அறியாமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. "கை மறந்துடுச்சோ இன்னாவோ" என்று ஒருநாள் சொன்னார். செய்யாத தப்பை அவர் தன் தலையில் ஏற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, அவர் பிட்டுவைத்த மீனைச் சாப்பிட்டேன். அதுவும் தொண்டையில் இறங்கியது. அதுதான் அசிங்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். நடுப்பகல். கொட்டகையில் வேலை இல்லாத நாள், வாய்க்காலில் பழைய இறால் தண்ணி நுரைத்துக்கொண்டு நின்றது. அண்ணி எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். போகாதே, இது என்னைப் பற்றிய விஷயம் என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குறி, கட்டை, நிரல், கீழே விழுந்த பெயர், தயிர்சாதம், ஏழு மாதம். அண்ணி நைனாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"தெரிஞ்சிகினே இத்தினி நாளு வந்து வந்து போன?"

ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மெஷின், குறி என்று நான் சொன்னதில் நைனாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒன்று மட்டும் புரிந்திருந்தது.

"கோடு போடக் கூடாதுன்னு நான் அடிச்சதுனாலதானே உன் கை போவல?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை நைனா, நிரல் எழுதியது நான், தப்பு என்னுடையது என்றேன். அவர் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த நோட்டை எடுத்தார். ஊரில் நோட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அந்த மாதங்களில் அதை எங்கே போனாலும் கூடவே வைத்திருந்தார். பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கவிழ்த்து வைத்திருந்த இறால் கூடையின் மேல் நோட்டை வைத்தார். என்ன செய்யப் போகிறார் என்று அண்ணிக்கு என்னைவிட முன்னால் தெரிந்துவிட்டது.

"வேணாம் மாமா" என்றாள்.

ஏழு மாதத்தில் அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. நைனா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, அவள் பெயருக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தார்.

இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும், உன் வேலை போய்விடும் என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் அண்ணிக்கு வீடு கிடைத்தது. உவர் மண் ஓரமாக, வரிசையில் கடைசி வீடு. நைனா அங்கே போய்வர ஆரம்பித்தார். ஆனால் அடுத்த பாடு பிரிக்கும்போது நோட்டில் இருந்த கோட்டை ஊர் பார்த்துவிட்டது. கை தவறிப் போச்சு என்றார் நைனா. நோட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் முகத்துவாரம் அடைத்துக்கொண்ட ஒவ்வொரு வருஷமும், இறால் வராத ஒவ்வொரு வருஷமும், ஏரியை மூடியவர் என்று அவரைத்தான் கைகாட்டினார்கள். சாகும்வரை ஏன் கோடு போட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.